மரக்கன்றுக் கணக்கு போதும், மேல்மண் எங்கே?

ஐப்பசி பிறந்ததும் என் நாற்றுப்பண்ணைக்குக் கல்குவாரிகளில் இருந்து ஆட்கள் வருவார்கள். புங்கன், வேம்பு, பூவரசு கேட்பார்கள். இடுப்புயரம் வளர்ந்த கன்றாக வேண்டும், அதிகாரிகள் வந்தால் கண்ணில் பட வேண்டும் என்பார்கள். வண்டியில் ஏற்றி அனுப்புவோம். அடுத்த ஐப்பசியில் அதே குவாரி, அதே எல்லை, அதே கன்றுகளுக்கு மறுபடி ஆர்டர் வரும். முந்தைய ஆண்டு போனவை சித்திரை வெயிலைத் தாண்டியிருக்காது. விற்கிறவனுக்கு இது நல்ல வியாபாரம்தான். ஆனால் கல் எடுத்த நிலத்துக்கு இதனால் ஒரு நன்மையும் இல்லை. ஒட்டன்சத்திரத்தில் கன்று வளர்த்து விற்றே குடும்பம் நடத்துகிற நான் இதைச் சொல்லாமல் இருந்தால் வேறு யார் சொல்வார்கள்?

என் கருத்து இதுதான். தோண்டிய நிலத்தைத் திரும்பப் பசுமையாக்கும் வேலை குவாரியை மூடும் நாளில் தொடங்குவதல்ல. முதல் ஜேசிபி உள்ளே இறங்கும் நாளிலேயே தொடங்க வேண்டும். அன்றைக்கு மேல்மண்ணைப் பத்திரப்படுத்தாத குவாரியில் பிறகு எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் நிற்காது. மேல்மண்ணைக் காப்பாற்றிவிட்டால் அங்கே முதலில் கொண்டுவர வேண்டியது மரமும் அல்ல, புல்.

எங்கள் ஊருக்குத் தெற்கே பழனி மலை. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை அந்த மலை வாங்கிக்கொள்கிறது. எங்களுக்கு ஆடி மாதம் முழுக்கக் காற்றுதான். வடகிழக்குப் பருவமழைதான் எங்களுக்குப் படியளக்கிறது. ஊருக்கு வடக்கே கள்ளிமந்தையம், இடையகோட்டை வழியாக மூலனூர், தாராபுரம் பக்கம் போனால் வானம் பார்த்த மேட்டு நிலம். செம்மண், சரளை, ஆங்காங்கே தலை நீட்டும் பாறை. ஒட்டன்சத்திரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் காய்கறிச் சந்தையும் கேரளாவுக்குப் போகும் லாரிகளும்தான் நினைவுக்கு வரும். கிணறும் போர்வெல்லும் உள்ள தோட்டங்களின் விளைச்சல் அது. தண்ணீர் இல்லாத மேட்டு நிலத்தை எங்கள் பெரியவர்கள் வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். கொறங்காடு என்று அதற்குப் பெயர். சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். கொழுஞ்சி, நரிப்பயறு போன்ற செடிகொடிகள் புல்லோடு கலந்து வளரும். காங்கயம் மாடும் செம்மறியும் இந்தக் காட்டை நம்பி வளர்ந்தவை. கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேல் நெற்று உதிரும், ஆடு பொறுக்கித் தின்று பிழைத்துக்கொள்ளும். உழவு வேண்டாம், உரம் வேண்டாம், பாசனம் வேண்டாம்.

ஒன்றுக்கும் உதவாத தரிசு என்று ஏட்டில் எழுதிவிட எளிதான நிலமும் இதுதான். ஆகவே கல் எடுக்கவும் இதுவே முதலில் போகிறது.

குவாரி தொடங்கும்போது என்ன நடக்கிறது? புதரும் மரமும் வழிக்கப்படுகின்றன. மேல்மண்ணும் அதன் கீழ் உள்ள கிராவலும் டிப்பரில் ஏறிவிடுகின்றன. வீட்டுமனை மேடாக்கவும் சாலை ஓரம் நிரப்பவும் அதற்கு எப்போதும் கிராக்கி உண்டு. பிறகு பாறை தெரிகிறது. வெடி வைக்கிறார்கள், ஜல்லியும் எம்-சாண்டும் போகின்றன. பட்டா நிலத்தை ஒட்டி 7.5 மீட்டர் அகலத்துக்குப் பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும் என்பது நிபந்தனை. மரம் நடச் சொல்வதும் பெரும்பாலும் அந்தக் கரையில்தான். ஆனால் பாரம் ஏற்றிய வண்டிகள் ஓடி ஓடி அந்தத் தரை இறுகிக் கிடக்கும். கடப்பாரை போட்டால் ஒரு சாணுக்குக் கீழே பாறை. பாலிதீன் பையில் வளர்ந்த கன்றின் வேர் ஏற்கெனவே சுருண்டிருக்கும். பாறைமேல் வைத்தால் அது சுருண்டபடியே கிடக்கும். கிரஷர் தூசி இலைமேல் படிந்து மூச்சை அடைக்கும். தை பிறந்ததும் தண்ணீர் டேங்கர் வருவது நின்றுவிடும். அதற்கு மேல் அந்தக் கன்று பிழைக்க என்ன வழி இருக்கிறது?

கைவிட்ட குவாரிகளைத் தூரத்தில் இருந்து பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும். அது சீமைக்கருவேலம். நெற்றைத் தின்ற மாடு சாணத்தோடு கொண்டுவந்து போட்டது. அதன் அடியில் புல் எழும்பாது, வேறு செடிக்கு இடமிருக்காது. அதைப் பசுமை மீட்பு என்று எந்த அறிக்கையிலும் கணக்குக் காட்ட விடக்கூடாது.

சட்டம் இதையெல்லாம் நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒடிசாவின் இரும்புத்தாதுச் சுரங்கங்களில் தொடங்கிய காமன் காஸ் அமைப்பின் வழக்கில், 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. சுரங்க வேலை முடிந்தபின், தோண்டிய இடத்திலும் சுரங்கத்தால் கெட்டுப்போன மற்ற இடங்களிலும் குத்தகைதாரர் தம் சொந்தச் செலவில் மீண்டும் புல் வளர்க்க வேண்டும். தீவனமும் செடிகொடிகளும் உயிரினங்களும் வளரத் தக்க நிலையில் நிலம் இருக்க வேண்டும் என்றது. மேய்ச்சல் விலங்குகளுக்கு இரை இல்லாமல் போவதை நீதிமன்றம் குறிப்பிட்டே இந்த நிபந்தனையை விதிக்கச் சொன்னது. எட்டே நாளில், ஜனவரி 16 அன்று, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இதைச் சுற்றுச்சூழல் அனுமதிகளில் சேர்க்கும்படி குறிப்பாணை அனுப்பியது. தமிழ்நாட்டில் கல்குவாரிகளுக்குத் தரப்படும் அனுமதிக் கடிதங்களிலும் அந்த வரி வருகிறது. நாட்டின் உச்ச நீதிமன்றம் கேட்டது புல். எங்கள் பகுதி குவாரிகளில் நான் பார்ப்பது எல்லையோரம் காய்ந்து நிற்கும் குச்சிகள். புல் விதை வேண்டும் என்று ஒரு குவாரியில் இருந்தும் என்னிடம் இதுவரை யாரும் வந்ததில்லை.

மேல்மண் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் மேட்டு நிலத்தில் உயிருள்ள மண் என்பது மேலே உள்ள ஒரு சாண்தான். புல்லின் வேர், உதிர்ந்த விதைகள், வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை, மண்புழு, கறையான் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். அதை மனைக்கு நிரப்பக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி எருவும் வண்டல் மண்ணும் வெளியே இருந்து வாங்கிப் போடுவது, விதை நெல்லைக் குத்தித் தின்றுவிட்டு நடவுக்குக் கடன் வாங்குவதற்குச் சமம்.

ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் ஜாரா என்னும் மரங்கள் நிறைந்த காட்டில் பாக்சைட் எடுக்கிறார்கள். ஓரிடத்தில் வழித்த மேல்மண்ணைக் குவித்து வைக்காமல், தோண்டி முடித்த பக்கத்துக் குழியில் சுடச்சுடக் கொண்டுபோய்ப் பரப்புவதுதான் அவர்கள் கண்ட சிறந்த வழி. காட்டுச் செடி வகைகளில் பல அந்த மண்ணில் கிடந்த விதையில் இருந்தே முளைத்தன. அங்கும் பழைய காடு அப்படியே திரும்பிவிட்டதா என்ற விவாதம் ஓயவில்லை. ஆனால் மேல்மண்ணைக் காப்பதுதான் முதல் வேலை என்பதை அந்த அனுபவம் காட்டுகிறது.

கென்யாவில் மொம்பாசா நகரத்தை அடுத்த பம்புரியில் சிமெண்ட் ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய குழிகள் வெறும் பாறையாகக் கிடந்தன. 1971-ல் ரெனே ஹாலர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் அங்கே 26 வகை மரங்களை நட்டுப் பார்த்தார். பிழைத்தவை 3 வகை மட்டுமே. நமக்குப் பழக்கமான சவுக்கு அவற்றில் ஒன்று. சவுக்கு வளர்ந்தது, ஆனால் உதிர்ந்த ஊசி இலை மட்காமல் மெத்தை மெத்தையாகக் கிடந்தது. மரவட்டைகள் அதைத் தின்பதைக் கவனித்த ஹாலர், அவற்றைச் சேகரித்துக் கொண்டுவந்து விட்டார். மரவட்டையின் எச்சம் மண்ணானது. மண் வந்தபின் மற்ற மரங்கள் வந்தன. இன்று அது ஹாலர் பூங்கா. பாறைமேல் மண் உண்டாக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதற்கும் அதுவே சாட்சி. கையில் இருக்கும் மண்ணைக் காப்பாற்றுகிறவர்களுக்கு இந்தப் பாடு இல்லை.

நம் நாட்டிலேயே ஹரியானாவின் குருகிராமில் ஆரவல்லி மலையடிவாரத்தில் 150 ஹெக்டேருக்கு மேல் கல் தோண்டிச் சிதைந்த நிலம் ஒன்று இருந்தது. 2010 முதல் நகர மக்களும் மாநகராட்சியும் கைகோத்து அதை மீட்டுப் பூங்காவாக்கத் தொடங்கினார்கள். அலங்கார மரங்களை ஒதுக்கிவிட்டு, அந்த மலைக்கே உரிய மரம், செடி, புல் வகைகளின் விதையைத் தேடி எடுத்துத் தாங்களே நாற்றுப்பண்ணை போட்டார்கள். கடைப் பண்ணைகளில் அவை கிடைக்காததுதான் காரணம். 2022 பிப்ரவரியில், சரணாலயம், தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே இருந்தும் பல்லுயிர் காக்கும் இடம் என்ற தகுதியை இந்தியாவில் முதலாவதாகப் பெற்றது அந்தப் பூங்காதான். என்னைப் போன்ற பண்ணைக்காரர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. புங்கனும் பூவரசும் கேட்டால் அதைத்தான் வளர்ப்போம். வெள்வேலும் உசிலும் விடத்தேரையும் ஆத்தியும் கேட்டால் அவற்றை வளர்த்துத் தர எங்களுக்குத் தெரியும்.

நெய்வேலியைச் சிலர் முன்மாதிரியாகச் சொல்வார்கள். 1957-ல் தோண்டத் தொடங்கிய அந்தச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே இருப்பது மண்ணும் மணற்கல்லும். நிலக்கரியை எடுத்தபின் மேலே இருந்ததைக் குழிக்குள் திருப்பிக் கொட்டி, அதன்மேல் மரமும் பயிரும் வளர்க்க முடிந்தது. எங்கள் குவாரிகளில் வெட்டி எடுத்த பாறை எல்லாமே ஜல்லியாகவும் மணலாகவும் விலை போய்விடுகிறது. குழியை நிரப்ப எதுவும் மிஞ்சாது. ஆழமான அந்தப் பள்ளம் பள்ளமாகத்தான் இருக்கும், அதில் மழைநீர் நிற்கும். அங்கே காடு வரும் என்று காகிதத்தில் எழுதுவது பொய். எழுத வேண்டியது வேறு. பள்ளத்தின் சுவரைச் செங்குத்தாக விடாமல் பெஞ்ச் என்று சொல்லும் படிகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு படியிலும் மண் பரப்ப வேண்டும். மாடும் மனிதரும் இறங்கி ஏற ஒரு சரிவுப் பாதை விட வேண்டும். விளிம்பைச் சுற்றி உயிர்வேலி வேண்டும். குவாரிக் குட்டையில் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கி இறந்த செய்தி தமிழ்நாட்டில் எந்தக் கோடையிலும் தப்புவதில்லை. முள்கிளுவைப் போத்தைக் குவாரி தொடங்கும்போதே எல்லையில் ஊன்றினால், மூடும்போது ஆடுகூட நுழையாத வேலி இருக்கும். கம்பி வேலி ஓரிரு ஆண்டில் காணாமல் போகும். கிளுவை போகாது.

பள்ளம் போக மீதி இடம் நிறைய இருக்கிறது. கிரஷர் நின்ற களம், வண்டிப் பாதை, சக்கைக் கல் கொட்டிய மேடு, சுற்றுக் கரை. இங்கெல்லாம் கொறங்காட்டை மறுபடி உண்டாக்கலாம். அதற்கு வேண்டிய அறிவு எங்கள் ஊர்களிலேயே இருக்கிறது.

முதல் நாள் வழித்த மேல்மண்ணைக் கிராவலோடு கலக்காமல் தனியாகக் குவிக்க வேண்டும். குவியல் ஆள் உயரத்துக்கு மேல் போனால் அடிமண் காற்றில்லாமல் செத்துவிடும். குவியல்மேல் கொழுஞ்சி விதைத்து வைத்தால் மழையில் கரையாது, காற்றில் பறக்காது, மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். ஒரு பகுதி வேலை முடிந்ததும் அந்த இடத்தை ஆழமாகக் கீறி இறுக்கத்தை உடைத்து, சரிவுக்குக் குறுக்கே சிறு வரப்புகள் கட்டி, மண்ணைப் பரப்ப வேண்டும். கோடையில் அங்கே ஆட்டுக்கிடை போட வேண்டும். கிடை ஆடுகளுக்கு வெள்வேல் நெற்றைத் தீனியாகப் போட்டால், அதன் கெட்டித் தோல் ஆட்டின் குடலில் இளகி, புழுக்கையோடு விழும் விதை நன்றாக முளைக்கும். எருவும் விதையும் ஒரே செலவில் வந்து சேரும். கிடைக்காரர்களுக்கும் கூலி கிடைக்கும்.

புரட்டாசியில், பருவமழைக்கு முன்பாக, கொழுக்கட்டைப் புல் விதை போட வேண்டும். இந்தக் கோடையில் உருவிய விதை உடனே சரியாக முளைக்காது. ஓராண்டு உறங்க வைத்துப் போட வேண்டும். காற்றில் பறக்கும் விதை என்பதால் செம்மண்ணும் சாணக் கரைசலும் சேர்த்துப் பிசைந்து சிறு உருண்டையாக்கி வீசலாம். ஆவாரையும் கொழுஞ்சியும் கூடவே போகட்டும். பிறகு இரண்டு மழைக்காலம் ஆடு மாடு உள்ளே போகாமல் காக்க வேண்டும். விதையில் இருந்து அந்த இடத்திலேயே முளைத்த வெள்வேல், இலை விடும் முன்பே வேரை ஆழமாக இறக்கிக்கொள்ளும். டேங்கர் தண்ணீர் கேட்காது. வேம்பை நடவே வேண்டியதில்லை. வெள்வேல் கிளையில் காக்கை வந்து உட்காரத் தொடங்கிவிட்டால் வேம்பு தானாக முளைக்கும்.

இதெல்லாம் ஆடு மாட்டுக்குத்தானே என்று நினைப்பவர்கள் 2016-ஐ நினைத்துப் பார்க்கட்டும். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக மாநில அரசு அறிவித்தது. வைக்கோலுக்கு நாயாய் அலைந்து, கிடைக்காமல், வளர்த்த மாட்டைக் கிடைத்த விலைக்குச் சந்தையில் விட்டுவந்த குடும்பங்கள் எங்கள் பக்கம் ஏராளம். ஊருக்கு ஒரு கொறங்காடு மிஞ்சியிருந்தால் சிலருடைய மாடாவது கட்டுத்தறியில் நின்றிருக்கும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். எங்கள் மாவட்டத்தின் கரிக்காலியில் சிமெண்ட் ஆலைக்காகத் தோண்டும் சுண்ணாம்புக்கல் பெருங்கனிமம். அத்தகைய சுரங்கங்களுக்கு மூடல் திட்டம் கட்டாயம். அதை நிறைவேற்றுவதற்கான நிதி உத்தரவாதமும் கட்டாயம். 2021-ல் திருத்திய மத்திய விதிகளின்படி அந்த உத்தரவாதம் பெரிய இயந்திரச் சுரங்கங்களுக்கு ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய், மற்றவற்றுக்கு 3 லட்சம். கல்குவாரி சிறுகனிமம் என்பதால் அந்த மத்திய விதிக்குள் வராது. மாநில அரசின் 1959-ஆம் ஆண்டு சிறுகனிமச் சலுகை விதிகள்தான் அதை ஆள்கின்றன. நிலத்தின் காயம் இரண்டிலும் ஒன்றுதான். ஹெக்டேர் கணக்கில் அதே அளவு உத்தரவாதத் தொகையைக் கல்குவாரிகளிடமும் மாநில அரசு வாங்கி வைக்க வேண்டும். புல் மூன்று கோடையைத் தாண்டி நின்றதைப் பார்த்தபின் திருப்பித் தர வேண்டும். நிற்காவிட்டால் அந்தப் பணத்தில் ஊராட்சியே செய்துகொள்ளட்டும். முன்பே கைவிடப்பட்ட, பொறுப்பேற்க ஆளில்லாத குவாரிகளுக்கு மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு அந்த நிதியின் முன்னுரிமைப் பணிகளில் ஒன்று.

குவாரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பண்ணையின் சுவரும் ஜல்லியில்தான் நிற்கிறது. ஆற்று மணலைக் காக்க எம்-சாண்ட் தேவைப்படுகிறது. பல குடும்பங்களுக்குக் கிரஷர் கூலிதான் சோறு. ஆனால் கல் எடுக்கும் உரிமை சில ஆண்டுகளுக்குத்தான். அந்த நிலம் ஊருக்கு அதன் பிறகும் வேண்டும். மேல்மண்ணைத் தனியே குவிக்க ஆகும் செலவு, அதே குவாரியில் ஒரு நாள் ஓடும் டீசலோடு ஒப்பிட்டால் பெரிய தொகை அல்ல. மனம்தான் வேண்டும்; மனம் இல்லாத இடத்தில் விதி வேண்டும்.

எங்கள் மாவட்ட நிர்வாகத்தால் முடியாத காரியம் இல்லை இது. 2022 டிசம்பரில் இடையகோட்டையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு சில மணி நேரத்தில் 6 லட்சம் மரக்கன்றுகள் நட்டார்கள். ஆட்களைத் திரட்டவும் துறைகளை ஒருங்கிணைக்கவும் நமக்குத் தெரியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அந்த ஊக்கத்தை இனிக் குவாரி நிலங்களின் பக்கம் திருப்புங்கள். மேல்மண் குவியலை அளந்து பதிவு செய்த பிறகே முதல் நடைச்சீட்டு கொடுங்கள். கார்த்திகையில் நட்ட கன்றை எண்ணுவதை விட்டு, வைகாசியில் உயிரோடு நிற்கும் புல்லையும் செடியையும் அளந்து பாருங்கள். எந்த ஊர் மண்ணில் எது வளரும் என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதுங்கள். ஒட்டன்சத்திரம் மேட்டுக்குக் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

உங்கள் ஊராட்சியிலும் குவாரி இருந்தால், வாசகர்களே, ஒன்று செய்யுங்கள். அதன் அனுமதிக் கடிதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும். நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையாகத் தர வேண்டியது குத்தகைதாரரின் கடமை. இரண்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போங்கள். வழித்த மேல்மண் எங்கே குவித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.